கோசலையிடமிருந்து வந்தது

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் இந்திராதேவி அக்காவின் புடவைக் கடைக்குள் நுழைந்தால், கடைசி அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னாலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் வரும். அங்கே உட்கார்ந்து ரவிக்கை தைப்பவள் கோசலை. கலியாணமோ சாமத்தியச் சடங்கோ, லாச்சப்பலுக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க அவளைத்தான் தேடுவார்கள். நான் பக்கத்து நகைக்கடையில் வேலை செய்கிறேன். மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் அந்தத் திரைக்குப் பின்னால்தான். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவளே சொன்னது.

அவளுக்கு முதல் பிள்ளை தங்கியது முப்பது வயதில். கலியாணமாகிப் பல வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. கணவன் கரிகாலன் கார் து லெஸ்ற் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை. வீடு பாரிஸுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில். கோசலை அலட்டிக்கொள்ளும் ஆள் இல்லை. கர்ப்பமானதை எங்களிடம் சொன்னதுகூட, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, ஏதோ நூல் முடிந்துவிட்டது என்பதைப் போல.

அந்தக் காலத்தில் அவளுக்கு இருந்த ஒரே தொல்லை கண் எரிவு. மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று சொல்வாள். வாயும் காய்ந்துபோகும், பாண் சாப்பிட்டால் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குவாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோத்துக் கோத்துக் கண் கெட்டுவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஐந்தாம் மாதம் எபினேயில் மருத்துவத் தாதியிடம் வழக்கமான சோதனைக்குப் போனாள். அந்தப் பெண் கருவியை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டாள். இடத்தை மாற்றி வைத்து மறுபடி கேட்டாள். பிறகு கோசலையின் கையைப் பிடித்து அவளுடைய நாடியையும் பார்த்தாள். தாயின் துடிப்பைத்தான் பிள்ளையினது என்று தவறாகக் கேட்கிறோமோ என்ற சந்தேகம். கேட்டது பிள்ளையினதுதான். பிள்ளையின் இதயம் இருக்க வேண்டிய வேகத்தில் பாதிகூட இல்லாமல், மெதுவாக, ஆனால் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. மறுநாளே பாரிஸிலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அந்தத் தாதியே தொலைபேசி எடுத்து நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

அங்கே இருதய மருத்துவர் ஓர் இளம் பெண். ஸ்கேன் திரையில் பிள்ளையின் இதயத்தைப் பல பக்கமாகப் பார்த்தார். பேசத் தொடங்கியபோது, கோசலைக்கும் கரிகாலனுக்கும் தெரிந்த பிரெஞ்சு அதற்குப் போதவில்லை. அப்போதுதான் அந்தப் பிரிவில் செயலாளராக இருந்த ஆன்ஜெலிக்கைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். பாண்டிச்சேரிக் குடும்பம். தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. வீட்டில் பேசிப் பழகியதோடு சரி. மொழிபெயர்ப்பது அவருடைய வேலையுமில்லை. ஆனாலும் தமிழ் ஆட்கள் யாராவது வந்து தடுமாறினால் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு வருவார்.

மருத்துவர் ஒரு தாளில் இரண்டு மாடி வீடு ஒன்றை வரைந்தார். இதயத்திலும் மேல் மாடி, கீழ் மாடி உண்டு. மேல் மாடி அடிக்கும்போது அந்தச் செய்தி ஒரு சின்னப் படிக்கட்டு வழியாக இறங்கிக் கீழ் மாடிக்குப் போகும். அதைக் கேட்டுக் கீழ் மாடியும் அடிக்கும். இந்தப் பிள்ளைக்கு மேல் மாடி சரியாக அடிக்கிறது. படிக்கட்டுத்தான் தழும்பாகிவிட்டது. செய்தி கிடைக்காததால் கீழ் மாடி தன்பாட்டில் மெதுவாக அடிக்கிறது. படிக்கட்டைத் திருத்த மருந்து இல்லை. பிள்ளை பிறந்த பிறகு, செய்தி அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டியை உடம்புக்குள் வைக்கலாம்.

கரிகாலன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோசலைதான் கேட்டாள்:

"படிக்கட்டைப் பழுதாக்கினது என்னது?"

மருத்துவர் சொன்னதை ஆன்ஜெலிக் மெல்ல மெல்லத் தமிழில் கொண்டுவந்தார். நம் உடம்பு நோயோடு சண்டை போட ரத்தத்தில் காவல் வைத்திருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது தாய் அந்தக் காவலில் ஒரு பங்கை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு அனுப்புவாள். பிறந்ததும் பிள்ளைக்குச் சொந்தக் காவல் பலமாக இருக்காது. தாய் கொடுத்து அனுப்பியதுதான் முதல் மாதங்களில் காப்பாற்றும். எல்லாத் தாய்மாரும் அனுப்புகிறார்கள். சில பெண்களுடைய ரத்தத்தில் மட்டும் ஆள் தெரியாமல் அடிக்கிற காவலும் கலந்திருக்கும். அதுவும் அதே வழியாகவே போய்விடும்.

"அப்ப என்னிலை இருந்துதான் போயிருக்கு."

ஆன்ஜெலிக் மருத்துவரிடம் அதைக் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தானே பதில் சொன்னார்.

"ஆமாம்மா. உங்ககிட்டேருந்துதான் போயிருக்கு. ஆனா நீங்க அனுப்பலை."

கோசலை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் கன்னத்தில் ஒரு துளி ஈரமில்லை. மருத்துவர் அதைக் கவனித்தார். கண் எப்போதும் இப்படித்தானா என்று விசாரித்தார். அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். வேறொரு பிரிவில் கீழ் இமைக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகி எவ்வளவு நனைகிறதென்று பார்த்தார்கள். அது காய்ந்தபடியே வெளியே வந்தது. அவளுடைய உடம்பு தன் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும்கூடப் பகையாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்திருக்கிறது. நூல் கோத்ததால் வந்த எரிவு இல்லை அது. அந்தக் காவலைக் கட்டுப்படுத்த அவளுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தொடர்ந்து எடுக்க வேண்டும்.

கரிகாலனின் தமக்கை கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசினார். இப்படிப் பிள்ளையைப் பெற்று என்ன செய்யப் போகிறீர்கள் என்பது பேச்சின் சுருக்கம். கோசலை மரியாதையாகக் கேட்டுவிட்டு, பிள்ளை தன்பாட்டில் அடிச்சுக்கொண்டுதான் இருக்குது மச்சாள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். மருத்துவர் எல்லா வழிகளையும் அவளுக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். அவள் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: மெதுவாக அடித்தாலும் இந்த இதயத்துக்குப் பலம் இருக்கிறதா? இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகு பெறுவதா வேண்டாமா என்ற பேச்சை அவள் எடுக்கவேயில்லை. சோதனைக்குப் போவாள், அங்கிருந்து நேரே கடைக்கு வந்து மெஷினில் உட்காருவாள்.

பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண். ஹரிப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். பிறந்த கொஞ்ச நாளில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு பெட்டியை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்து, அதிலிருந்து இதயத்துக்குக் கம்பி இழுத்தார்கள். மார்பில் தையல் போட்டிருந்தார்கள். தையல்காரி என்பதால் கோசலையின் கண் முதலில் அங்கேதான் போனது. நல்ல தையல் என்று தாதியிடம் சொன்னாளாம்.

ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுக்கமாட்டேன் என்றாள்.

மார்பு கட்டிக் காய்ச்சல் அடிக்கும் நிலை வந்தும் பாலைப் பிழிந்து கழிவுத் தொட்டியில் ஊற்றினாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை. கரிகாலன் கெஞ்சிப் பார்த்தான். தாதிகள் அவளுக்குப் பிள்ளைமேல் பயம் பிடித்துவிட்டது, இப்படி நடப்பதுண்டு என்று நினைத்தார்கள். விஷயம் ஆன்ஜெலிக்கின் காதுக்குப் போனது. அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கோசலை சொன்னாள்:

"உள்ளுக்கை இருக்கேக்க ஒருக்கா அடிச்சிட்டன். இனி வாயாலையும் ஊத்த ஏலாது."

ஆன்ஜெலிக் எழுந்துபோய்க் குழந்தை மருத்துவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மருத்துவர் வயதானவர், அவசரமில்லாத மனிதர். பாலில் போகிற காவல் வேறு வகை என்று விளக்கினார். ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போவது அதன் வேலையல்ல. பிள்ளையின் வாயிலும் குடலிலும் படிந்து கிருமி உள்ளே நுழையாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. இதயத்தை அடித்தது நஞ்சுக்கொடி வழியாகப் போனது. அந்த வழி தொப்புள்கொடியை வெட்டியதோடு அடைபட்டுவிட்டது. அவள் எடுக்கிற மாத்திரையாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்த இந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் மற்றப் பிள்ளைகளைவிட அவசியம்.

கோசலை ஒரே கேள்வியை மூன்று விதமாக மாற்றிக் கேட்டாள். அவரும் சலிக்காமல் மூன்று விதமாகப் பதில் சொன்னார். பிறகு அவள் கையை நீட்டினாள். பிள்ளையை வாங்கி, கம்பிகளையும் குழாய்களையும் ஒதுக்கிவிட்டு, மார்போடு அணைத்தாள். ஹரிப்பிரியா முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள், பிறகு கவ்விக்கொண்டாள். ஆன்ஜெலிக் அழுதுவிட்டார். "ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே அழறேன்" என்றாராம்.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையின் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையமாகத் தடிப்பு எழும்பியது. பார்க்க வந்தவர்கள் நாவூறு என்றார்கள். ஒருவர் மிளகாய் சுற்றிப் போட்டார். கோசலை அதைத் தடுக்கவில்லை. அதோடு, வெயில் படாமல் தொப்பி போட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனாள். தாயிடமிருந்து வந்த அதே காவல்தான் தோலிலும் தெரிகிறது என்றார்கள். பிள்ளையின் உடம்பில் அது புதிதாக உண்டாகாது. வந்தது மட்டும் மாதக் கணக்கில் கரைந்து போய்விடும். அப்படியே நடந்தது. பிள்ளை தவழத் தொடங்கும்போது தடிப்பு இருந்த இடம் தெரியவில்லை. கடையில் வைத்து எனக்கு அந்த முகத்தைக் காட்டினாள். "என்ரை சாமான் எல்லாம் போட்டுது, இனி முழுக்க அவளின்ரை ரத்தம்" என்று சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இதயத்தின் படிக்கட்டு மட்டும் திரும்பி வரவில்லை. வராது என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோசலைமேல் பெரிய மதிப்பு வந்தது. எங்கள் ஆட்கள் இப்படியான விஷயங்களை மூடி வைப்பார்கள். பிள்ளைக்கு ஒரு வருத்தம் என்றால் வீட்டுக் கதவுக்கு வெளியே போகாது. கோசலையோ ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது யாராவது பிள்ளை எப்படி என்று கேட்டால், வயிற்றில் பெட்டி வைத்திருக்கிறது, நல்லாய் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவாள். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்வாள். இந்திராதேவி அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனுஷி இல்லை. கோசலை ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் திரைக்குப் பின்னால் தானே உட்கார்ந்து பொத்தான் தைத்தவர். ஒருநாள் கடை பூட்டும்போது கூப்பிட்டுச் சொன்னார்:

"ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதை பிள்ளை. நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் பேசேக்க இதெல்லாம் குறுக்கை வந்து நிக்கும்."

"அக்கா, அவளுக்கு இன்னும் பல்லே முளைக்கேல்லை."

இந்திராதேவி அக்கா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கோசலை சொல்லிக்கொண்டேயிருந்தாள். முக்கியமாக, பிள்ளை எதிர்பார்க்கிற பெண்களுக்கு. கண் உறுத்துகிறதா, வாய் காய்கிறதா, மூட்டு நோகிறதா என்று அளவு நாடாவைத் தோளில் போட்டபடி கேட்பாள். ஓம் என்றால், மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் அதையும் பார்க்கச் சொல்லுங்கோ என்பாள். பலருக்கு ஒன்றும் இருக்கவில்லை. சிலர் எரிச்சல்பட்டார்கள், ஒருவர் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். துஷாந்தி என்ற பெண் மட்டும், சென் தெனியில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை செய்பவள், கேட்டதை மறக்காமல் போய்ச் சோதித்தாள். அவளுடைய ரத்தத்தில் அது இருந்தது. உடனே மாத்திரை தொடங்கி, பிள்ளையின் இதயத்தை அடிக்கடி ஸ்கேனில் பார்த்தார்கள். பிள்ளை நல்லாகவே பிறந்தது. துஷாந்தி இனிப்போடு வந்து கோசலையின் காலில் விழாத குறை. கோசலை அவளுக்கு உண்மையைச் சொன்னாள்: இந்தக் காவல் உள்ள தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இதயத்தில் ஒன்றும் வருவதில்லை, மாத்திரை இல்லாமலும் உன் பிள்ளை தப்பியிருக்கக்கூடும், பார்த்தது நல்லது, அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் அந்த நன்றியை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஹரிப்பிரியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கி சில வருஷம் கழித்து, கோசலை இரண்டாவது பிள்ளை வேண்டும் என்றாள். கரிகாலன் மாட்டேன் என்றான். அவன் கோபக்காரன் இல்லை. முதல் பிள்ளையின் சத்திரசிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று சுவரைக் கையால் குத்தி விரலை உடைத்துக்கொண்டவன். திரும்ப அந்த வாசலில் நிற்கத் தன்னால் முடியாது என்று சொன்னான். கோசலை அவனோடு வாதாடவில்லை. மருத்துவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பிள்ளைக்கு வந்த தாய்க்கு அடுத்த பிள்ளைக்கும் வர ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அந்த மாத்திரையை விடாமல் எடுத்தால் அது இன்னும் குறையும் என்று மருத்துவர் சொன்னார். திரும்பி வரும்போது ரயிலில் கரிகாலன் கேட்டானாம், அந்த ஆறில் ஒன்று நாங்களாய் இருந்தால்?

"அப்பவும் எங்களுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியும். முதல் தரம் அதுவும் தெரியாது."

 எபினேயில் இறங்கும்போது அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

அந்தக் கர்ப்பத்தில் நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் தாண்டும்வரை பிள்ளையின் இதயத்தை வாராவாரம் பார்த்தார்கள். போகும் நாளில் அவள் யாரோடும் பேசமாட்டாள். வந்து மெஷினை மிதிக்கத் தொடங்கினால் எல்லாம் சரி என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம். அந்த மாதங்களில் அவள் தைத்த ரவிக்கைகளில் ஒரு தையல்கூடக் கோணவில்லை. தேடிப் பார்த்தவள் நான்.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. கக்குவான் இருமலுக்குத் தடுப்பூசி போடச் சொன்னார்கள். கர்ப்பத்தில் போட்டால் தாயின் உடம்பு அதற்கெதிரான காவலை உண்டாக்கிப் பிள்ளைக்கு அனுப்பும். பிள்ளைக்குச் சொந்தமாக ஊசி போடும் வயது வரும்வரை அது தாங்கும். கோசலை பயந்துபோனாள். தன் உடம்பு அனுப்புகிற எதையும் அவள் நம்பவில்லை. இருக்கிற காவலே போதும், இன்னும் ஏன் உசுப்பேத்த வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். ஆன்ஜெலிக்குக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் மருத்துவரிடம் கேட்டு வந்து சொன்ன பதில்: ஊசி பழைய பகையை எழுப்பாது, அந்த வழியால் நல்லதும் போகும், நீங்கள் இந்தத் தடவை நல்லதையும் தெரிந்தே அனுப்புங்கள்.

அந்த 'தெரிந்தே' என்ற சொல்தான் அவளை அசைத்தது என்று பிறகு சொன்னாள். போன தடவை தெரியாமல் போனது. இந்தத் தடவை தானாக ஒன்றைக் கொடுத்து அனுப்பலாம். போய் ஊசி போட்டுக்கொண்டாள்.

பிருந்தாபன் 2024 வசந்தத்தில் பிறந்தான். மார்பில் ஒட்டிய வயர்களோடு எடுத்த முதல் இதயத் துடிப்புப் படத்தில் படிக்கட்டு ஒழுங்காக இருந்தது. கரிகாலன் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தான். தாதி திருப்பிக் கொடுத்தாள். அந்த வருஷம் பிரான்ஸ் முழுக்கக் கக்குவான் பரவியது. கரிகாலனின் சமையலறையில் ஒருவனுக்கு வந்து, அவனிடமிருந்து கரிகாலனுக்கும் தொற்றியது. வாரக்கணக்கில் நெஞ்சு பிளக்க இருமினான். பிள்ளைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கரிகாலன் போய் நண்பன் வீட்டில் தங்கினான்; ஆனால் இருமல் என்னவென்று தெரிய வரும்முன்பே பல நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். பிருந்தாபனுக்கு ஒன்றும் வரவில்லை. ஊசியால்தானா, அதிர்ஷ்டமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கோசலையும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் பிள்ளையைப் பார்த்த பார்வையில், முன்பு ஒருபோதும் இல்லாத ஒரு நிம்மதி இருந்தது.

போன குளிர்காலத்தில் ஹரிப்பிரியாவின் பெட்டியை மாற்றினார்கள். பற்றரி முடியும் காலம். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு தாதி படம் போட்ட புத்தகத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள். சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள், கட்டிலில் சாய்ந்திருந்தபடி, பிள்ளை தாயைக் கேட்டாள். வழக்கமாகப் பிரெஞ்சில் பேசுகிறவள் அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, இது உங்களிட்டை இருந்தா எனக்கு வந்தது?"

கரிகாலன் ஏதோ சொல்லி மறைக்கப் பார்த்தான். கோசலை அவனைப் பேசவிடவில்லை.

"ஓம் செல்லம். என்னட்டை இருந்துதான் வந்தது."

"தம்பிக்கு?"

"அவனுக்கும்தான் போனது. அவனை ஒண்டும் செய்யேல்லை."

 கோசலை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். இந்தக் கேள்வி ஒருநாள் வருமென்று பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். சொல்லப்போகும் பதிலையும் அப்போதே முடிவு செய்து வைத்திருந்தாள். பிள்ளை அதை எப்படி வாங்கிக்கொள்வாள் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

"Pas de chance" என்றாள் ஹரிப்பிரியா, தோளைக் குலுக்கி. அதிர்ஷ்டமில்லை, அவ்வளவுதான் என்கிற மாதிரி. பிறகு தனக்குப் பசிக்கிறது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு வேண்டாம், அப்பா கீழே போய் ஏதாவது வாங்கி வரவேண்டும் என்றாள். கரிகாலன் ஓடினான்.

கோசலை அங்கேயே கதிரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை எடுத்து, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் விட்டாள். பிள்ளை மெல்ல நகர்ந்து கட்டிலில் தாய்க்கு இடம் விட்டது.